நெடுந்தீவுக் கடைசிப் படகும் செருப்பண்ணையும்

யாழ்ப்பாணத்தில் மனிதரின் முகத்தை நம்பாமல் காலை மட்டும் நம்பிய ஒரே பிறவி, எங்கள் வாடகை வான் சாரதி செருப்பண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் பெண்சாதிக்காவது ஞாபகம் இருந்ததோ, நானறியேன்.

ஆரம்பத்தில் அவரும் தலைதான் எண்ணினார். ஒருநாள் கீரிமலைக் கேணியில் குளித்து ஏறிய கூட்டத்தை எண்ணி, கணக்குச் சரியென்று கசூரினாக் கடற்கரைக்கு வானை விட்டாராம். அங்கே ஈரத் துவாயோடு இறங்கியவர் ஒரு புது மனுசன். "நான் இணுவிலுக்கெல்லோ ஏறினனான்!" என்று அவர் குதிக்க, உண்மையான ஆள் கீரிமலையில் நின்று திட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து செருப்பைக் கழற்றி உரப்பையில் போட்டால்தான் வானில் ஏறலாம்.

"நனைஞ்ச தலையெல்லாம் ஒண்டுதான் தம்பி. செருப்பு பொய் சொல்லாது" என்பார்.

போன வருடம் நாங்கள் பதினாலு பேர் அவரோடு நெடுந்தீவு பார்க்கப் போனோம். குதிரை மேயும் புல்வெளி, பெருக்கமரம், கல்வேலி எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசிப் படகுக்கு வந்தோம். படகிலும் அதே சட்டம், அதே பை. தன்னுடைய கம்பி கட்டிய றப்பர் செருப்பைப் பைக்கு வெளியே கழற்றிவிட்டு எண்ணத் தொடங்கினார்.

காற்று எழும்பிக்கொண்டிருந்தது. என் மச்சான் தலைகளை எண்ணி, "பதினாலும் சரி, விடுங்கோ" என்றார்.

"பதின்மூண்டு சோடிதான் கிடக்கு. ஐயாவின்ரை தோல் செருப்பு இல்லை."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பா அந்தா இருக்கிறார் அண்ணை!" என்று பின்பக்க வாங்கில் இருந்தவரின் தொப்பியைக் காட்டினேன். தொப்பி திரும்பியது. யாரோ ஒரு தீவுக்காரர்!

அப்பாவுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு, மத்தியானச் சோற்றைச் சாப்பிடாமல் அளைந்துவிட்டு எழும்பியவர். எந்த வெளியில் மயங்கிக் கிடக்கிறாரோ!

"பத்து நிமிசம்தான். பிறகு கடல் விடாது" என்றார் படகோட்டி.

செருப்பண்ணை வெறுங்காலோடு பாய்ந்தார். நானும் இறங்கப் போக, "நீ இரு! பிறகு உன்னையும் எல்லே தேடவேணும்!" என்று அதட்டிவிட்டு ஓடினார்.

பத்து நிமிடம் போயிற்று. படகோட்டி இயந்திரத்தை முடுக்கினார். என் மனைவி நயினை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். நான் படகோட்டியின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போது இறங்குதுறையில் செருப்பண்ணை மிதித்துவந்த ஒரு இரவல் சைக்கிள் தெரிந்தது. கரியரில் அப்பா. வியர்த்து வடிந்து, வாயில் ரொபி இனிப்போடு.

"செருப்பு வார் அறுந்துபோச்சு மோனை. கல்வேலியிலை கொஞ்சம் இருந்தனான், தலை சுத்திப்போட்டுது."

அண்ணை அப்பாவை ஏற்றிவிட்டார். அறுந்த செருப்பைப் பைக்குள் எறிந்தார். "பதினாலு! சரி, போ!" என்று கத்திக் கயிற்றைத் தானே அவிழ்த்துப் படகுக்குள் போட்டார்.

படகு நகர்ந்தது. எல்லோரும் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதோம். அப்பா மட்டும் குனிந்து பார்த்தார்.

"தம்பி, பைக்கு வெளியிலை கிடக்கிற உந்தச் சோடி ஆரின்ரை?"

திரும்பினேன். இறங்குதுறையில் செருப்பண்ணை வெறுங்காலோடு நின்று, கணக்குச் சரியான திருப்தியில் எங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

படகோட்டி பேசாத பேச்செல்லாம் பேசிக்கொண்டு படகைத் திருப்பினார்.

இப்போதும் செருப்பண்ணையின் வானில்தான் போகிறோம். ஆனால் எண்ணுவது அப்பா. கம்பி கட்டிய செருப்பைத் தொட்டுத்தான் "ஒண்டு" என்று தொடங்குவார்.