இடைவெளி இல்லாத மயில்கள்

வீட்டில் யாராவது ஒருவர் மின்னணுவியல் படித்துவிட்டால், அதன்பிறகு மின்சாரம் ஓடுகிற எல்லாப் பொருளுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கிரைண்டர் சுற்றாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். தொலைக்காட்சி நாடகம் சலிப்பாகப் போனாலும் என்னைத்தான் முறைப்பார்கள். நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கம், பாரந்தூக்கிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் திருத்துகிறவள். கொள்கலனைத் தூக்கி இறக்க வைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு பாட்டை ஓடவிடத் தெரியாதா என்று அக்கா நினைத்ததில் பிழையில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா உப்புவெளியில், எங்கள் வீட்டு முன்னறையில், நடன வகுப்புத் தொடங்கிய புதிது. முதல் மேடை நிகழ்ச்சிக்கு நாள் குறித்தாயிற்று. பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. "நிகழ்ச்சியப் பாத்திட்டு யோசிப்பம் ரீச்சர்" என்பதுதான் எல்லார் வாயிலும். நிகழ்ச்சி சொதப்பினால் வகுப்புக்கு மூடுவிழா. அக்கா அந்த நாட்களில் சோற்றைக்கூடத் தாளத்தோடுதான் பிசைந்தாள்.

பாட்டுகளை யாழ்ப்பாணத்தில் பதிவுசெய்து எடுத்திருந்தாள். தரம் ஒரு துளியும் குறையாத பெரிய பெரிய கோப்புகள். மிருதங்கத்தில் விரல் படுவதே கேட்கும். ஆனால் என் கையடக்கப் பிளேயருக்கு அந்த வகை ஏலாது. எனவே எல்லாவற்றையும் எம்பி3 ஆக மாற்றினேன். (மாத்திறது என்ன பெரிய வேலையோ, ஒரு பட்டன்தானே!)

முதல் ஒத்திகையிலேயே வில்லங்கம் வந்தது. மயில் நடனப் பாட்டு நீளமானது என்பதால் மூன்று கோப்புகளாக வந்திருந்தது. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் கண்ணிமைக்கும் நேரம் சத்தம் அறுந்தது. மயில்கள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றன. பாட்டுத் திரும்பி வந்தபோது பாதி மயில்கள் வலக்காலிலும் மீதி இடக்காலிலும் இருந்தன.

"என்னடி இது, பாட்டு விக்குது?" என்றாள் அக்கா.

"அது இடைவெளி அக்கா. கோப்பு மாறேக்குள்ள வரும். இடைவெளி இல்லாமலும் மாத்தலாம்."

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இடைவெளியோ? அது எங்கயிருக்கு, உப்புவெளிக்கு அங்காலயோ?"

விளக்கிச் சொன்னேன். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். கெட்டிக்காரப் பிளேயர் அதைத் தாண்டிப் போகும். என்னுடையது அந்த மௌனத்தையும் மரியாதையாக வாசிக்கும். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நெட்டில கேளன்" என்றாள்.

நெட்டில் கேட்டேன். ஒருவர் மாற்றும் மென்பொருளை மாற்று என்றார். இன்னொருவர் பிளேயரை மாற்று என்றார். மூன்றாமவர் என்னை விட்டுவிட்டு முதலாமவரைத் திட்டினார். நான் எதை மாற்றினேன், எதைத் திரும்பவும் பழையபடி வைத்தேன் என்பது எனக்கே தெரியாத கட்டத்தில், மென்பொருளின் மூலையில் இரண்டு கட்டங்கள் கண்ணில் பட்டன. ஒன்று: எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணை. மற்றது: மௌனத்தை நீக்கு. ஆகா! இரண்டுக்கும் சரி போட்டேன்.

அடுத்த ஒத்திகையில் மயில் பாட்டை மட்டும் ஓடவிட்டோம். விக்கல் இல்லை. பாட்டு முடிந்ததும் நானே நிறுத்தினேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்" என்றாள். நானும் என் வழக்கப்படி மனதுக்குள் வரிசை போட்டுச் சரிபார்த்தேன். சார்ஜ் உண்டு. வயர் நீளம் போதும். ஒட்டிய இடம் தெரியவில்லை. யாராவது கை பட்டு நிறுத்திவிடாதபடி பட்டன்களுக்குப் பூட்டும் உண்டு.

அக்காவிடம் கேட்பது என்பது அந்த வரிசையில் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்: ஒவ்வொரு நடனத்துக்கும் பின்னால், ஒரு கூட்டம் இறங்கி மறு கூட்டம் ஏறுவதற்காக, அவளே சொல்லிவைத்துக் கொஞ்ச நேரம் மௌனமாகப் பதிவுசெய்திருந்தாள். எது வேண்டாத மௌனம், எது அக்கா கேட்டு வாங்கிய மௌனம் என்று கணினிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் கணினிக்குச் சம்பளம் இல்லை.

நிகழ்ச்சி, துறைமுகத்தைப் பார்த்த ஒரு மண்டபத்தில். ஒலிபெருக்கிக்குக் கிண்ணியாவிலிருந்து நவ்பர் நானா வந்திருந்தார். பிளேயரை அவருடைய பெட்டியில் செருகி, ஓடவிட்டு, பட்டன்களைப் பூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மயில்கள் அழகாக ஆடின. கடைசியாகத் தோகை விரித்துக் குனிந்தன. சனம் கைதட்ட வாயெடுத்த, இல்லை, கையெடுத்த அந்த நொடியில், "ஏலேலோ" என்று மீனவர் நடனப் பாட்டு வெடித்தது.

மயில்களுக்கு அக்கா சொல்லியிருந்த சட்டம், பாட்டு நின்ற பிறகுதான் மேடையை விட்டு இறங்க வேண்டும். மீனவர்களுக்குச் சொல்லியிருந்த சட்டம், பாட்டுத் தொடங்கியவுடன் வலையோடு ஓடிவந்து வீச வேண்டும். இரண்டு கூட்டமும் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றின. வலையும் சும்மா வலையில்லை. ஒரு பிள்ளையின் தகப்பன், சல்லி என்கிற மீனவக் கிராமத்திலிருந்து கொண்டுவந்து தந்த அசல் வலை. மயில்கள்மேல் விழுந்தது விழுந்ததுதான். தோகை சிக்கியது, கொண்டை சிக்கியது, ஒரு மயில் உள்ளே இருந்தபடியே விடாமல் முத்திரை பிடித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இந்தப் பாட்டு நிக்குமா நிக்காதா?" என்றார் நவ்பர் நானா.

"தெரியாது நானா."

"உங்கட பெட்டிதானே?"

"ஓம். அதுதான் தெரியாது."

நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். பூட்டியிருந்தது. பூட்டைத் திறக்க எதை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும்? துறைமுகத்தில் அவசர நிறுத்தப் பட்டன் சிவப்பாக, சாப்பாட்டுக் கோப்பை அளவில் இருக்கும். இதில் எல்லாம் கறுப்பு, எல்லாம் எள்ளளவு. கடைசியில் வயரையே பிடித்துவிட்டேன். அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"புடுங்காத! பாட்டு நிண்டா பிள்ளையள் அழத் தொடங்கிடுங்கள்."

அவள் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் மேடைப் பக்கம் திரும்பி இரண்டு கையையும் வீசினாள். "இழுங்கோ! வலைய இழுங்கோ!"

மீனவர்கள் இழுத்தார்கள். வலை தந்த தகப்பன் சனத்துக்கு நடுவே எழும்பி நின்றார். "மயில் பட்டிருக்கு! விடாதேங்கோ பிள்ளையள், கரைக்கு இழுங்கோ!" என்று கத்தினார். மண்டபம் அதிர்ந்தது. தாய்மாரும் சேர்ந்து "ஏலேலோ" போட்டார்கள். மயில்கள் மொத்தமாகத் திரைக்குப் பின்னால் இழுபட்டுப் போகவும், அதே நொடியில் கும்மிப் பாட்டுத் தொடங்கவும் சரியாக இருந்தது.

அதற்குமேல் அக்கா யோசிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டும் முடிகிற நேரத்துக்கு மீனவர்களை வலையோடு அனுப்பினாள். கும்மி வாரப்பட்டது. செம்பு நடனம் செம்புகளோடு வாரப்பட்டது. நன்றியுரை சொல்லக் கொஞ்சம் முந்தி ஏறிவிட்ட பெரியவர், வலையைக் கண்டு தானாகவே இறங்கிவிட்டார்.

எல்லாம் முடிந்தபின் அக்கா உடுப்பு மாற்றும் அறையில் கதிரையில் விழுந்து கிடந்தாள். "நான் சொல்லிவைச்ச இடைவெளி எங்கயடி?" என்று மட்டும் கேட்டாள். நான் பிளேயரின் வயரைச் சுற்றத் தொடங்கினேன். அப்போது அந்தச் சல்லித் தகப்பன், தன் இளைய மகளின் கையைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"ரீச்சர், இவளையும் சேர்க்க வேணும்."

அக்கா கண்ணைத் துடைத்தாள். "சேருங்கோ அண்ணை. மயிலுக்கு ஆள் காணாது."

"மயிலுக்கு வேண்டாமாம்," என்றார் அவர். "வலைக்கு."

வகுப்பு மூடவில்லை. இப்போது முன்னறை போதாமல் பிள்ளைகள் விறாந்தையிலும் ஆடுகிறார்கள். பாட்டு மாற்றும் வேலையை அக்கா வேறு ஆளிடம் கொடுத்துவிட்டாள். எனக்குக் கிடைத்த தண்டனை வேறு. கொழும்பிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் பிடித்தால் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருப்பார். அம்மா கொஞ்ச நேரம் கேட்பாள், பிறகு தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, கறியை இறக்கப் போகும்போது என்னைப் பார்த்துச் சொல்வாள்:

"இவவுக்கும் நீதான் மௌனத்த நீக்கினனியோ?"