ஒன்றே முக்கால் கிராம்

இது தொண்ணூற்று நான்கில் நடந்ததா, ஐந்திலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வேங்கிக்காலில் அப்போது பாதி வீடுகளுக்குப் பூச்சு வேலை முடிந்திருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். முருகவேலைக் கேட்டால் இப்படி எதுவுமே நடக்கவில்லை என்பார். அவர் மனைவி அருணாதேவியைக் கேட்டால் இதைவிட மோசமாக நடந்தது என்பாள். நான் இருவருக்கும் நடுவில் நின்று சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை முருகவேல் இரண்டு கைகளிலும் ஓர் இசைத்தட்டை ஏந்திக்கொண்டு, செருப்பைக் கழற்றவும் மறந்து, கூடத்துக்குள் வந்தார்.

"தொடாத" என்றார்.

"நான் இன்னும் கிட்டயே வரலியே" என்றாள் அருணாதேவி.

"வந்தாலும் தொடாத. ஆபீசர் வீட்டம்மா பாடின பிளேட்டு. ஒலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்குது."

ஆபீசர் என்றால் மாவட்ட அதிகாரி தணிகாசலம். எந்தத் துறை என்பது வேண்டாம். அவருடைய மனைவி மதிவதனி அம்மையார் கல்யாணத்துக்கு முன்பு பாட்டுக் கற்றவர். பெண்ணின் குரல் உலகத்துக்குத் தெரியட்டும் என்று அவருடைய அப்பா சொந்தச் செலவில் ஐம்பது தட்டுகள் போட்டார். உலகம் தெரிந்துகொள்ள முன்வரவில்லை. வருடங்கள் போகப்போக மிஞ்சியது ஒரே ஒரு தட்டு. வீட்டிலிருந்த பிளேயரும் கெட்டுப்போக, அதைக் கேசட்டில் பதிந்துதர வேண்டும் என்று அம்மையார் பிடிவாதம் பிடித்தார். அடுத்த வாரம் புதன்கிழமை தம்பி வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் கேசட் பாடியாக வேண்டும்.

அதிகாரி முருகவேலைத் தனியாக அறைக்குள் அழைத்துத்தான் தட்டைக் கொடுத்தார்.

"பாருங்க முருகவேல். இது போனாப் போனதுதான். வேற காப்பி கெடையாது."

"புரியுதுங்க சார்."

"அவசரமே வேணாம். உங்க இஷ்டப்படி எல்லாத்தையும் கழட்டி, மாட்டி, சரிபண்ணிட்டு அப்புறமாப் போடுங்க."

அதற்குப் பிறகு அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை மனைவியின் குரல்மேல் அவருக்கு இருந்த பிரியம் என்று முருகவேல் எடுத்துக்கொண்டார். மற்றவர்களின் மௌனத்துக்கு அவரே அர்த்தம் எழுதிக்கொள்வது வழக்கம்.

இதில் முருகவேலுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்த மாதம் மாறுதல் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஏழாவது பெயர் அவருடையது, ஊர் ராமநாதபுரம். வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடிகூட வைக்கவில்லை. அதிகாரி ஒரு கோடு இழுத்தால் அந்தப் பெயர் போய்விடும்.

"இந்தக் கேசட்டு மட்டும் நல்லா வந்துதுன்னு வெச்சுக்க, நாம இங்கியேதான்" என்றார் மனைவியிடம்.

"நல்லா வராட்டி?"

"ராமநாதபுரம்."

"அப்ப இன்னிக்கே போட்டுப் பதிஞ்சுடுங்க. நேத்துகூட உங்க மிஷினு நல்லாத்தானே பாடிச்சு?"

முருகவேல் சிரித்தார். காது இல்லாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்று அவர் தனியாக வைத்திருந்த சிரிப்பு அது.

அந்த மிஷினை அவர் செங்கம் ரோட்டில் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரரிடம் வாங்கியிருந்தார். எல்லாவற்றையும் துறக்க வந்தவர் இசைத்தட்டு சுழற்றும் இந்த டர்ன்டேபிளை மட்டும் நல்ல விலைக்குத் துறந்துவிட்டுப் போனார். கூடவே ஓர் அட்டையையும் கொடுத்தார். தட்டு சுழலும் இடத்தில் அந்த அட்டையை வைத்து, அதில் குறித்திருக்கும் புள்ளிமேல் ஊசி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. இரண்டு திருகுகளால் அது தட்டின்மேல் நீளும் மிஷினின் கை நுனியில் மாட்டப்பட்டிருந்தது. ஜெர்மன்காரர் மாட்டியபடியே அது ஆறு மாதமாகக் குற்றம் குறை இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

அதுதான் முருகவேலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொருள் வேலை செய்தால் அவருக்குப் போதாது. அது தன்னால் வேலை செய்ய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இரண்டு திருகுகளையும் கழற்றினார்.

அட்டையை நேராகப் பயன்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. இருபத்தோரு வருட உத்தியோகத்தில் அசல்மேல் வேலை செய்து அவருக்குப் பழக்கமே இல்லை. அசல் கோப்பில் இருக்கும், வேலை நகலில் நடக்கும். பெரிய தெருவில் ஒரு கடையில் அட்டைக்கு நகல் எடுத்தார். அதன் மூலையில் 'உண்மை நகல்' என்று எழுதித் தேதியோடு கையெழுத்தும் போட்டார். அந்தக் கடையின் மிஷின் எதையும் நூலளவு சுருக்கித்தான் துப்பும். விண்ணப்பங்களுக்கு அது போதும். நகலில் அந்தப் புள்ளி முழுதாக மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போயிருந்தது. ஊசியும் அங்கேயே போய் உட்கார்ந்தது.

தன்னுடைய பழைய தட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தார். முதல் பாட்டு பரவாயில்லை. கடைசிப் பாட்டில் பாடகருக்குத் தொண்டை கட்டியது.

"நேத்து இப்படி இல்லியே" என்றாள் அருணாதேவி.

"நேத்து உனக்குக் கேக்கல. இப்பதான் மிஷினு உண்மையப் பேசுது. எடை ஜாஸ்தியா இருக்கணும், இல்ல கம்மியா இருக்கணும்."

"ரெண்டுல எது?"

"அதத்தான் பாக்கப்போறேன்."

ஊசி தட்டின்மேல் ஒன்றே முக்கால் கிராம் பாரத்தோடு அழுத்த வேண்டும் என்று அட்டையின் பின்பக்கம் எண்ணில் போட்டிருந்தது. அதுவரை ஜெர்மன்காரர் வைத்துவிட்டுப் போன பாரம் அப்படியே இருந்தது. முருகவேல், மிஷினின் கைக்குப் பின்முனையில் இருந்த எடைக்குண்டைத் திருகி அதையும் கலைத்தார். கலைத்த பிறகுதான் அளக்க வழியில்லை என்பது தெரிந்தது.

புதன்கிழமை நகைக்கடைக்குப் போய், சரியாக ஒன்றே முக்கால் கிராமில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கடைக்காரர் எதையும் காட்டும் முன்பே அவருக்கு மனைவியின் கம்மல் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி வந்தார்.

"ஒரு காதுக் கம்மலக் கழட்டு."

"இன்னாத்துக்கு?"

"எடைக்கல்லு."

"எங்கம்மா போட்டது உங்களுக்கு எடைக்கல்லா?"

கழற்றிக் கொடுத்தாள். ராமநாதபுரத்தை நினைத்துத்தான் கொடுத்தாள். கடையில் நிறுத்தபோது கம்மல் சரியாக ஒன்றே முக்கால் கிராம் இருந்தது. முருகவேல் அதைத் தன் திறமையாகவே கருதினார்.

வியாழன் மாலை, இசைத்தட்டு உட்காரும் சுழல்வட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பென்சிலின்மேல் மர ஸ்கேலைத் துலாக்கோல்போலக் கிடத்தினார். ஒரு முனையில் கம்மல். மறுமுனையில் ஊசியை இறக்க வேண்டும். இரண்டும் சமமாக நின்றால் பாரம் சரி. யோசனையில் குற்றமில்லை. செய்தது முருகவேல் என்பதுதான் குற்றம். கை வழுக்கியது. கார்ட்ரிட்ஜ் சட்டென்று இறங்க, ஸ்கேலின் மறுமுனை எழும்பி, கம்மல் மேலே பறந்து, மோட்டாருக்குப் பக்கத்திலிருந்த ஓட்டை வழியாக மிஷினுக்குள் போய்விட்டது.

இசை தொடங்கும் முன்பு வரும் அமைதிதான் இசையிலேயே உயர்ந்த பகுதி என்று முருகவேல் அடிக்கடி சொல்வார். அன்று அது கூடம் முழுக்க இருந்தது.

"எடுங்க" என்றாள் அருணாதேவி.

அவர் மிஷினைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினார். கம்மல் உள்ளே கலகலத்தது, வெளியே வரவில்லை. பூட்டாமல் விட்ட மிஷினின் கை அங்குமிங்கும் ஆடி, கார்ட்ரிட்ஜுக்குப் போகும் நான்கு மெல்லிய ஒயர்களில் சிவப்பு ஒயர் அறுந்தது.

தேரடிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த சின்னசாமிக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பௌர்ணமி. சின்னசாமியின் ஒலிபெருக்கிக் குழாய்களெல்லாம் கிரிவலப் பாதையில் காணாமல் போனவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. சனிக்கிழமை காலையில்தான் தூங்காத கண்களோடு வந்தார். மிஷினின் அடிப்பலகையைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் கம்மலை எடுத்து அருணாதேவி கையில் கொடுத்தார்.

"இன்னா சார் இது, மிஷினுக்குக் காது குத்துனீங்களா?"

முருகவேல் அறுந்த ஒயரையும் ஊசியையும் காட்டினார்.

"ஊசி நிக்கலன்னா தலைமேல ஒரு நாலணா வெச்சு டேப்பு ஒட்டு சார். முப்பது வருசமா நான் அப்படித்தான் ஓட்டறேன்."

"யோவ், அது உன் ரெக்கார்டு பிளேயரு. இது டர்ன்டேபிளு. நாலணா வெக்கறதுக்கு இது உண்டியலா? ஒயர மட்டும் பத்தவெய்யி."

"கார்ட்ரிட்ஜு பின்னோட சேத்துப் பத்தவெச்சா சூடு தாங்குமான்னு தெரியல சார். தனியாக் கழட்டி வெச்சு..."

"நான் பொறுப்பு. வெய்யி."

சின்னசாமி வைத்தார். ஒரு நூல் புகை வந்தது. அதோடு ஒரு பக்கத்து ஸ்பீக்கர் நிரந்தரமாக மௌனமானது. இன்னொரு பக்கத்தில் பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"நான் சொன்னேன் சார்" என்றார் சின்னசாமி.

"நீ சரியாச் சொல்லல" என்றார் முருகவேல்.

ஞாயிற்றுக்கிழமை காலை முருகவேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனார். ஆசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களிடம் வேறு கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா என்று அறை அறையாகக் கேட்டார். ஒருவர் கண்ணை மூடியபடியே இல்லையென்று தலையாட்டினார். இன்னொருவர் மௌன விரதம். மூன்றாமவர் உட்காரவைத்து, உனக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று கேட்டார். முருகவேல் மறுபடியும் கார்ட்ரிட்ஜ் என்றார்.

மத்தியானம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் ஒரு கேசட் இருந்தது. பக்கத்திலேயே இசைத்தட்டு, உறைக்குள் பத்திரமாக இருந்தது.

"இன்னாது இது?"

"நீங்க அந்தப் பக்கம் போனீங்க, நான் இந்தப் பக்கம் ஆட்டோ புடிச்சு சின்னசாமி கடைக்குப் போயிட்டேன். அவரு பிளேயர்ல போட்டுப் பதிஞ்சு குடுத்தாரு. ஒரு மணி நேரங்கூட ஆவல."

"நாலணா வெச்சா?"

"வெச்சுத்தான்."

முருகவேல் தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. கேசட்டைப் போட்டார். மதிவதனி அம்மையாரின் குரல் கணீரென்று வந்தது. சுருதி ஒரு பக்கமும் அம்மையார் ஒரு பக்கமுமாக, ஒவ்வொரு அடியையும் மும்மூன்று முறை பாடினார். முருகவேல் கண்ணை மூடிக் கேட்டார்.

"பாத்தியா? எவ்வளவு துல்லியம்!"

"சின்னசாமிக்குத்தான் சொல்லணும்."

"அவன் பேர எடுக்காத. ஆபீசர் கேட்டா நான் பதிஞ்சதுன்னுதான் சொல்லப்போறேன்."

"சொல்லிக்குங்க. வீடு தங்குனாச் சரி."

திங்கட்கிழமை காலை, அதிகாரியின் அறையில் நின்றபடியே முருகவேல் அரை மணி நேரம் விளக்கினார். அட்டை, புள்ளி, ஒன்றே முக்கால் கிராம், எல்லாவற்றையும் சொன்னார். சின்னசாமியை மட்டும் சொல்லவில்லை.

"கீறல்?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒண்ணுகூட இல்லீங்க சார்."

அதிகாரி தட்டை உறையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் வெகுநேரம் தேடினார்.

"எல்லாம் நீங்களே பண்ணீங்களா?"

"என் கையாலயே சார்."

அதிகாரி தட்டைக் கீழே வைத்தார். அதன்பிறகு எதுவும் பேசவில்லை.

"மனுசனுக்குப் பேச்சே வரல தேவி" என்றார் முருகவேல் அன்று மாலை. "கண்ணு கலங்கிடுச்சு."

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. ஏழாவதாக இருந்த முருகவேலின் பெயர் முதலாவதாக இருந்தது. ஊர் அதேதான்.

அவர் ராமநாதபுரத்தில் ஐந்து வருடம் இருந்தார். வேங்கிக்கால் வீட்டை வாடகைக்கு விட்டார்கள். மாடிப்படிக்கு வாடகைக்காரர்தான் கைப்பிடி வைத்தார். டர்ன்டேபிள் பரண்மேல் ஏறியது, இறங்கவே இல்லை. அருணாதேவி கம்மலைக் கழற்றவே இல்லை. சின்னசாமி கடையைத் தம்பி மகனுக்கு விட்டுவிட்டுக் கலசபாக்கத்தில் நிலம் பார்க்கிறார். அந்தக் கேசட்டுக்கு எட்டு நகல்கள் எடுத்து அம்மையார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒன்று அதிகாரியின் ஜீப்பில், அவர் ஓய்வுபெறும் நாள்வரை பாடியது. இப்போது அவர்கள் சென்னையில், மகன் வீட்டில் இருக்கிறார்கள். அங்கே அது சிடியாகிவிட்டதாகக் கேள்வி.

அந்த ஜீப்பை ஓட்டிய டிரைவர் காசியை, இரண்டாயிரத்து இரண்டிலோ மூன்றிலோ, முருகவேல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எட்டு வருடமாக மனதை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"காசி, நீ சொல்லுய்யா. ஒரு கீறல் இல்லாமத் திருப்பிக் குடுத்தேன். அப்புறம் எதுக்குய்யா என்ன மொத ஆளாத் தூக்கிப் போட்டாரு?"

காசி டீயை முழுசாகக் குடித்து முடித்து, டம்ளரை வைத்தார்.

"கல்யாணமான நாள்லேருந்து அந்தப் பாட்டக் கேட்டு நொந்துபோன மனுசன் சார் அவரு, 'காசி, நம்ம ஆபீஸ்ல எதத் தொட்டாலும் நாசம் பண்றவன் யாருடா'ன்னு என்னத்தான் கேட்டாரு, நானும் உங்கள நம்பித்தான் சார் உங்க பேரச் சொன்னேன்!"