வலப்பக்கம் சாயும் வண்டி

தாணுலிங்கம் அன்றைக்கும் வலது பக்கம்தான் விழுந்தார்.

விழுந்த இடம் மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே, கைவிட்டுப்போன உப்பளத்தில் மிஞ்சிக் கிடந்த பழைய உப்புக் குவியல். அவர் விழுந்த சத்தத்தைக் கேட்டு, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பல் ஒன்று, தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்கு ஊதியது.

“அண்ணாச்சி, உசுரு இருக்கா?” என்று ஓடிவந்தான் நௌஃபல்.

“இருக்குலே. உப்புக்கண்டம் மாதிரி இனி அது கெட்டே போவாது. முதல்ல வண்டியத் தூக்கு.”

நௌஃபல் காயல்பட்டினத்துக்காரன். வளைகுடாவில் பைக் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, மாப்பிள்ளையூரணி எல்லையில் தகரக் கொட்டகை போட்டிருந்தான். கல், கட்டை, பள்ளம், மேடு எல்லாவற்றின் மேலும் காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை ஏற்றி இறக்கும் விளையாட்டை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். ட்ரையல்ஸ் என்று பெயர். வேகத்துக்கு அதில் மரியாதை கிடையாது. நத்தை பின்னாலிருந்து ஹாரன் அடித்து, திட்டிவிட்டு முந்திப் போகலாம். விழாமல் போகவேண்டும், அதுதான் கணக்கு.

பலசரக்குக் கடையை விற்றுவிட்டு ஓய்ந்திருக்கும் தாணுலிங்கத்துக்கு இந்த விளையாட்டில் என்ன வேலை என்று ஊரே கேட்டது. காரணம் இருந்தது. போன ஐப்பசியில் அவர் மனைவி அருணாசலவடிவு இறந்துபோனாள்.

வடிவு இருந்தவரை காலையில் இருவரும் பழைய பைக்கில் திரேஸ்புரம் கரைக்குப் போவார்கள். வடிவு கனத்த சரீரம். அவள் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தால் வண்டி பெருமூச்சு விடும். டயர் தன் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ளும். “புடிச்சுக்கிட்டியா?” என்பார் இவர். “ம்” என்பாள் அவள். கரையில் பிலோமினாவிடம் சண்டை போட்டு மீன் வாங்கிக்கொண்டு, மடியில் மீன் கூடையும் வாயில் ஊர்க்கதையுமாகத் திரும்புவாள். அவள் போன பிறகு தாணுலிங்கம் ஒரே ஒரு நாள் அந்த பைக்கை எடுத்தார். தெருமுனையில், “புடிச்சுக்கிட்டியா?” என்று கேட்டார். பதில் வரவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். அந்த வாரமே விற்றுவிட்டார்.

பிறகு ஒருநாள் நௌஃபலின் கொட்டகைப் பக்கம் போனபோதுதான் அந்த விநோத வண்டியைப் பார்த்தார். பட்டினி கிடந்த வெட்டுக்கிளி மாதிரி நின்றது.

“இதுல சீட்டு எங்கலே?”

“கிடையாது அண்ணாச்சி. நின்னுக்கிட்டேதான் ஓட்டணும்.”

“பின்னாடி ஆளு?”

“முன்னாடி ஆளுக்கே இடம் இல்ல. பின்னாடி ஈ உக்காந்தாலும் வழுக்கி விழுந்துரும்.”

மற்றவர்கள் வண்டி வாங்கினால் எஞ்சினைக் கேட்பார்கள், மைலேஜ் கேட்பார்கள். தாணுலிங்கம் ஒன்றும் கேட்கவில்லை. வெறும் தகடாக இருந்த பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

“உங்க வயசுக்கு அந்த மூலைல நிக்குத வண்டியப் பாருங்க அண்ணாச்சி. எடை கம்மி, சின்னதா ஒரு சீட்டும் இருக்கு.”

“சீட்டு வேண்டாம். இதையே எடுத்துக்கிடுதேன்.”

எடுத்த நாளிலிருந்து வண்டியை அவர் பார்த்துக்கொண்ட விதம் ஊரில் புராணம் ஆனது. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று நௌஃபல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். குழாயில் நல்ல தண்ணீர் எப்போதோ வரும் ஊரில், தாம் குளிக்காமல் வண்டியைக் குளிப்பாட்டினார். செயினுக்கு எண்ணெய் விட்டார்; தம் தலைக்கு வைக்க மறந்தார். எல்லாம் சரி. ஏறினால் மட்டும் வலது பக்கம் விழுந்தார்.

“டயர்ல காத்து ஜாஸ்தி” என்றான் நௌஃபல். “இந்த விளையாட்டுக்குக் காத்து கம்மியா இருந்தாத்தான் கல்லைக் கவ்வும்.”

காற்றை இறக்கினான். டயர் கல்லை நன்றாகவே கவ்விக்கொண்டது. வண்டி அசையாமல் நிற்க, தாணுலிங்கம் மட்டும் தனியாக வலது பக்கம் விழுந்தார்.

“ஹேண்டில்பார் கோணலா இருக்குமோ?”

கொஞ்சம் இடது பக்கம் திருப்பி முடுக்கினான். இப்போது வண்டி இடது பக்கப் பாத்திக்குள் போனது. அவர் வலது பக்கப் பாத்திக்குள் போனார். இருவரையும் தேட இரண்டு ஆள் தேவைப்பட்டது.

கடைசியில் நௌஃபலே ஏறி ஓட்டிப் பார்த்தான். பனங்கட்டை, பாறை, வரப்பு எல்லாவற்றின் மேலும் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

“வண்டி சுத்தம் அண்ணாச்சி. கோளாறு உங்ககிட்டத்தான்.”

“என்கிட்ட என்ன கோளாறு?”

“வலது பாக்கெட்ல என்ன வச்சிருக்கிய?”

வீட்டுச் சாவி, விற்றுப்போன கடையின் பழைய சாவிக்கொத்து, போன், மூக்குக் கண்ணாடிக் கூடு, சுண்ணாம்பு டப்பி என்று ஒரு பாத்திரக்கடையே வெளியே வந்தது. எல்லாவற்றையும் இடது பாக்கெட்டுக்கு மாற்றினார்கள். பாரம் தாங்காமல் கால்சட்டை இறங்கிவிட்டது. அதைப் பிடிக்கக் கையை எடுத்தார். விழுந்தார். எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டியதில்லை.

காதில் கோளாறு இருந்தால் நிலை தடுமாறும் என்று யாரோ சொல்ல, காது டாக்டரிடம் போனார். அவர் விளக்கடித்துப் பார்த்து, “காது பிரமாதமா இருக்கு. ஆனா இந்த வயசுல இது வேண்டாம்னு நான் சொல்லுததுதான் அதுல ஏற மாட்டேங்குது” என்றார்.

அப்புறம்தான் நௌஃபலுக்கு அந்த மகா யோசனை வந்தது. பழைய லாரி டயரை வெட்டி, வலது கால் செருப்புக்கு அடியில் கனமாக ஒட்டிவிட்டான். “வலது கால் ஒசந்துட்டா உடம்பு தன்னால இடது பக்கம் வந்துரும். கழட்டாம போட்டுப் பழகுங்க.”

தாணுலிங்கம் கழற்றவில்லை. சந்தைக்கும் அதோடுதான் போனார். கோயிலுக்கும் அதோடுதான் போனார். வண்டியில் மட்டும் வலது பக்கம் சாய்ந்தவர், இப்போது தரையில் இடது பக்கம் சாய்ந்து விந்தி விந்தி நடந்தார்.

மாப்பிள்ளையூரணியில் ‘சாஞ்சு நடக்காரு’ என்று கிளம்பிய செய்தி, சாயர்புரம் தாண்டும்போது ‘ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு’ ஆகி, ஆத்தூரில் வெற்றிலை போட்டுக்கொண்டு ‘வாய்ப்பேச்சு இல்லை’ என்று சிவந்து, கோயம்புத்தூரில் அவர் மகள் இந்துமதியின் காதில் ‘எப்பப் புறப்படுதிய?’ என்று போய் விழுந்தது.

இந்துமதி அழுதுகொண்டே வந்து இறங்கினாள். படுக்கையில் கிடக்கவேண்டிய அப்பா, கொல்லையில் வண்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அழுகை அப்படியே கோபமாகத் திரும்பியது.

“அம்மா போன நாள்ல இருந்து சொல்லுதேன், வீட்டப் பூட்டிட்டு என்கூட வாங்கன்னு. வர மாட்டிய. இங்கன உப்பளத்துல உருண்டு விளையாடுதிய!”

“நான் எப்படிளா வருவேன்? உங்கம்மை போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் இன்னும் தீரலியே.”

அது உண்மைதான். வடிவு கடைசியாகப் போட்ட ஊறுகாய் பாதி ஜாடி இருந்தது. தீர்ந்துவிடுமே என்று தாணுலிங்கம் அதைச் சாப்பிடுவதில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, வெறுஞ்சோற்றைச் சாப்பிட்டார். அந்த வேகத்தில் போனால் அந்த ஊறுகாய் சூரியன் அணைந்த பிறகும் இருக்கும். இந்துமதிக்கு அது தெரியும். அதனால்தான் வீட்டைப் பூட்டவேண்டும் என்றாள். அதனால்தான் இவர் முடியாது என்றார்.

“ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயில்ல ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருக்கேன்” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை காலைல போட்டி இருக்குளா.”

“சரி, அப்ப ஒரு பேச்சு. அந்தப் போட்டில ஒரே ஒரு கட்டத்தையாவது ஒழுங்காத் தாண்டிட்டிய, நான் தனியாப் போறேன். இனிமே வாயத் திறக்க மாட்டேன். இல்லாட்டி வீட்டுச் சாவிய என் கையில தந்துட்டு ஏறணும்.”

தாணுலிங்கம் வண்டியைப் பார்த்தார். உள்ளே ஜாடி இருந்த அலமாரியைப் பார்த்தார். “சரி” என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை உப்பளத்தில் திருவிழாக் கூட்டம். ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நடுவர். நௌஃபல் ஒலிபெருக்கியில் விதியைச் சொன்னான்: “காலை ஒரு தரம் ஊனினா நடுவர் ஒரு விரல் காட்டுவாரு. விழுந்தா அஞ்சு விரல். ஒரு குத்தமும் இல்லாம வந்தா, மூடின கை!”

கடைசிக் கட்டத்துக்கு நடுவர், திரேஸ்புரத்து மீன்காரி பிலோமினா. அவளைப் போட்டதற்குக் காரணம் உண்டு. அவள் ஒருதரம் மீனை எண்ணிவிட்டால், கடலே நேரில் வந்து ஒன்று குறைகிறது என்று சொன்னாலும் ஏற்கமாட்டாள். அன்று காலையில் அவள் பெற்ற மகன் ஆன்றோ கல்மேட்டில் விழுந்தபோது, அவன் எழுந்திருக்கும் முன்னே ஐந்து விரலையும் விரித்துக் காட்டியிருந்தாள்.

“எம்மா, காத்து தள்ளிட்டும்மா!”

“காத்துக்கு நான் மார்க்கு போட வரலலே. போ அங்கிட்டு.”

தாணுலிங்கம் டயர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார். முதல் கட்டத்தில் வலது பக்கம் விழுந்தார். ஐந்து விரல். இரண்டாவதில் வலது பக்கம். மூன்றாவதில் வலது பக்கம். நான்காவது கட்டத்தில் கூட்டமே முன்கூட்டி வலது பக்கத்தைக் காலி செய்து கொடுத்தது. அதைத் தவறாமல் பயன்படுத்திக்கொண்டார்.

சிரிப்புச் சத்தம் அடங்கியபோது கடைசிக் கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. இந்துமதி கையில் டிக்கெட்டோடு ஓரமாக நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

தாணுலிங்கம் கிளட்சில் ஒரு விரலை வைத்து மெதுவாக ஏறினார். முதல் கல்லைத் தாண்டினார். பனங்கட்டையைத் தாண்டினார். சாய்ந்தார், சமாளித்தார். நௌஃபல் மூச்சை அடக்கிக்கொண்டான். கூட்டமும் அடக்கியதில் உப்பளத்துக்கே காற்று மிச்சமானது. மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டார். இறங்கினால் முடிந்தது.

உச்சியில் வண்டி ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றது. அவர் தலையை லேசாகப் பின்பக்கம் திருப்பி ஏதோ முணுமுணுத்தார். பிறகு அவர் உடம்பு அவரைக் கேட்காமலே, மெல்ல, மிக மரியாதையாக, வலது பக்கம் சாய்ந்தது.

விழுந்தார். இந்தமுறை கப்பல் ஊதவில்லை.

யாரும் தூக்கிவிடுமுன் அவரே எழுந்தார். உப்பைத் தட்டிவிட்டு, பாக்கெட்டில் துழாவி வீட்டுச் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

“பெட்டியக் கட்டுளா. ஊறுகாய் ஜாடிய மட்டும் மடியில வச்சுக்கிடுதேன். ரயில் குலுங்கும்.”

இந்துமதி சாவியை வாங்கினாள். ஜெயித்தவள் முகம் மாதிரி அது இல்லை. தோற்றது எழுதியாகிவிட்டதா என்று பார்க்கிறவள் போல் நடுவர் பக்கம் திரும்பினாள்.

பிலோமினா கையை உயரத் தூக்கியிருந்தாள். கை மூடியிருந்தது.

“பிலோமினாக்கா, என்ன கைய மூடி வச்சிருக்கிய? அஞ்சு விரலக் காட்டுங்க” என்றாள் இந்துமதி.

கை திறக்கவில்லை.

நௌஃபல் ஓடிவந்தான். “அக்கா, மூடின கைன்னா குத்தமே இல்லன்னு அர்த்தம். ஆன்றோ விழுந்ததுக்கு அஞ்சு போட்டிய!”

“அவன் விழுந்தான். போட்டேன்.”

“அப்ப எங்கப்பா?” என்றாள் இந்துமதி. “நாலு கட்டத்துலயும் விழுந்தாரு, இதுலயும் விழுந்தாரு. அதுவும் ஒரே பக்கமா. ஊரே பாத்துச்சே!”

பிலோமினா மூடின கையை இறக்காமலே சொன்னாள்:

“இவரு எங்க விழுந்தாருளா? முப்பது வருசமா உங்கம்மை இடப்பக்கம் காலைத் தொங்கப் போட்டு உக்காந்து வருவா, வண்டி கவுந்துராம இருக்க இவரு வலப்பக்கம் சாஞ்சுக்கிடுவாரு. அவ எறங்கிட்டான்னு அந்த உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லலியே.”