அடையாறில் வைத்த பரஸ்தானம்

பொறாமையே கிடையாது என்று சொல்லிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு அது பிறவிக்குணம். அதிலும் சகலை ரகுராமன் விஷயத்தில் என் வயிற்றெரிச்சலில் ஒரு கல்யாணத்துக்கே சமைக்கலாம்.

ரகுராமன் என் மனைவி வசந்தியின் அக்கா லலிதாவின் கணவர். அவர்கள் அடையாறு, நாங்கள் மயிலாப்பூர். ஒரு பூணூல் விசேஷத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, தான் கென்யா போய்வந்த படங்களை மொபைலில் காட்டிக்கொண்டிருந்தார். சாம்பாருக்கு யானை, ரசத்துக்கு ஒட்டகச்சிவிங்கி, பாயசத்துக்குச் சிங்கம். பரிமாறுகிறவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு சிங்கத்தைப் பார்க்கப் போனதில் என் இலைக்குப் பாயசமே வரவில்லை. (அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

"நாங்களும் ஆப்பிரிக்கா போறோமே! எல்லாம் புக் பண்ணியாச்சு" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி. வசந்திக்குப் புரையேறியது. அவளுக்கு விஷயம் அப்போதுதான் தெரியும். எனக்கும்தான்.

இனி போகாவிட்டால் சொந்தக்காரர்கள் முகத்தில் முழிக்க முடியாது. மறுநாளே திட்டம் போட ஆரம்பித்தேன். திட்டமென்ன பெரிய திட்டம், ரகு செய்ததையெல்லாம் செய்து, அதற்கு மேல் கொஞ்சம் செய்வது. அவர் இரண்டு காடு பார்த்தாரா, எனக்கு மூன்று. அவர் போட்டிருந்த மாதிரியே காக்கிச் சட்டையும் தொப்பியும் தேடிப் பாண்டி பஜாரில் அலைந்தேன். தொப்பியோடு கண்ணாடி முன் நின்றபோது கடைக்காரர், "இன்னா சார், டிராமாவா? வாட்ச்மேன் வேஷம் நல்லா கீது" என்றார். கடைசியில் சக்கரம் வைத்த பைகூட ரகுவினுடையதைப் போலவே பச்சையில், அதே அளவில் வாங்கினேன். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டோம். அதற்குக் கொடுத்த அட்டை இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம்.

வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரமோ வெள்ளிக்கிழமை ராகு காலம். "ஏன்னா, ராகு காலத்துல யாராவது வாசப்படி தாண்டுவாளா? முதல் நாளே பரஸ்தானம் வெச்சுடுங்கோ" என்றாள் வசந்தி. (நல்ல நேரத்தில் ஒரு பையைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பயணம் முடியாமல் அந்தப் பை வீடு திரும்பக் கூடாது.)

எல்லோரும் பக்கத்து ஃப்ளாட்டில் வைப்பார்கள். நான் அடையாறில் வைத்தேன். ரகு எரிய வேண்டாமா? பையைத் திறந்து பைனாகுலர், தொப்பி, மஞ்சள் அட்டைகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மனுஷன் எரியவே இல்லை. "பேஷ், பேஷ்! ரமணி, இருங்கோ" என்று பரணிலிருந்து தன் பையை இறக்கி, உள்ளே இருந்த தன் அட்டையையும் லலிதாவின் அட்டையையும் காட்டினார். ஒரு மணி நேரம் ஆல்பம் வேறு. இரண்டு பைகளும் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

மறுநாள் டாக்ஸியை நிறுத்திவிட்டு ஓடினேன். ரகு குளித்துக்கொண்டிருந்தார். லலிதா காபி கலக்கிறேன் என்றாள். "நேரமில்லை" என்று பையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் அட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சார், நீங்கதான் மிஸ்டர் ரகுராமனா?"

வாழ்நாள் முழுக்க ரகுராமனாக ஆசைப்பட்டவன் நான். முதல்முறையாக ஒருத்தி கேட்கிறாள், இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது!

"மேடம், நீங்க லலிதாவா?"

"நான் அவளோட தங்கை" என்றாள் வசந்தி, ஏதோ அதுவும் செல்லும் என்பது போல.

"ஊசி அக்காவுக்குத்தானே மேடம் போட்டிருக்கு?"

போன் போட்டேன். "ஐயையோ, இதோ வந்துட்டேன்" என்று ரகு கட்டிய வேட்டியோடு காரை எடுத்தார். கிண்டி நெரிசலைத் தாண்டி, என் பையை இழுத்துக்கொண்டு அவர் மூச்சிரைக்க ஓடி வந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் அந்தப் பையை இறக்கியே இருக்கப்படாது, ரமணி" என்றார். கண் கலங்கியிருந்தது. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நல்லவராகவும் இருந்து தொலைக்கிறாரே!

காக்கிச் சட்டையோடு மயிலாப்பூர் திரும்பினோம். பரஸ்தானம் வைத்த பையை வீட்டுக்குள் விட வசந்தி சம்மதிக்கவே இல்லை. அது ரகுவோடு அடையாறுக்கே திரும்பிப் போய் அங்கேயே தங்கிவிட்டது. சாஸ்திரப்படி என் பயணம் தொடங்கி, இன்னும் முடியவில்லை. இன்றைக்கும் எனக்கு வேண்டாத போன் வந்தால் என் மகள், "அப்பா ஆத்துல இல்லை, ஆப்பிரிக்கா போயிண்டிருக்கார்" என்கிறாள். விசேஷங்களில் பந்தியே கோரஸாகக் கேட்கிறது, "ரமணி, எதுவரைக்கும் போயிருக்கேள்?"

போன மாதம் ரகு கூப்பிட்டார். "நாங்க டான்சானியா கிளம்பறோம், ரமணி. எங்க பையில சக்கரம் போயிடுத்து. உங்களோடதை எடுத்துண்டு போகட்டுமா?"

போய் வந்துவிட்டார்கள். புதுப் படத்தில், ஜீப்பின் பின்சீட்டில் என் பச்சைப் பை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பத்தடி தள்ளி ஒரு சிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பயணம்தான் முடிந்துவிட்டதே என்று வசந்தி பையை வீட்டுக்குள் சேர்த்துவிட்டாள். கூடத்தில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.