இடுப்பளவும் இரண்டு போன்களும்

பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாகப் போகும் இடைவெளி. பேங்க் மேனேஜர் கண்ணாடியைப் பார்த்தார். டெய்லர் தன் ஐபோனைப் பார்த்தார்.

"சாயங்காலம் மேடையேறி விருது வாங்கணும் மாஸ்டர். ஒரு கையால பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டா வாங்குறது?"

"ஆப் தப்பே பண்ணாது சார்."

ஆளைப் படம் பிடித்தாலே உடம்பளவைச் சொல்லிவிடும் ஆப் அது. வந்த அன்றே டெய்லர் கழுத்து நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். நாடா இல்லாத டெய்லர் என்று நடையே மாறிவிட்டது. அதே ஆப், மனைவியின் கீறல் விழுந்த ஆண்ட்ராய்டிலும் இருந்தது. மேனேஜர் அளவு கொடுக்க வந்த அன்று இருவருமே படம் எடுத்தார்கள். அவள் போன் இடுப்பு நாற்பது இஞ்ச் என்றது. அவர் போன் முப்பத்தாறு என்றது.

"பேருக்குத்தான் ஒரே ஆப். உன் போன்ல அது கூலிக்கு மாரடிக்குது. என் போன்ல மனசு வச்சு வேலை பாக்குது" என்று முப்பத்தாறுக்கே துணியை வெட்டினார்.

"என்னங்க, நாடாவை ஒருதரம் எடுங்களேன்" என்றாள் மனைவி இப்போது.

"எடுத்து? என் மானம் கப்பலேறவா? ஆப்பை அப்டேட் பண்ணிட்டேன். சார், இப்படி நேரா நில்லுங்க."

முப்பத்தைந்து!

"பாத்தியா, இன்னும் துல்லியமாயிருச்சு! சார் இளைச்சிருக்கார். துணிதான் சுருங்கிப்போச்சு!"

மிச்சத் துணியில் மளமளவென்று இன்னொரு பேன்ட் தைத்தார். இந்த முறை இடைவெளியில் கையே போகும்போலிருந்தது. துணியும் தீர்ந்தது. மேனேஜருக்கு வியர்த்தது.

மனைவி தன் போனில் ஒரு படம் எடுத்தாள். அதே நாற்பது. இரண்டாவது பேன்ட்டைப் பிரித்து, முதலாவதன் பின்பக்கம் ஒட்டுக் கொடுத்தாள். கச்சிதமாக நின்றது. மேலே போட்ட கோட்டு ஒட்டை மறைத்தது.

டெய்லர் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவ்வளவு விலை கொடுத்து வாங்கினேனே சார், அது ஏன் என்கிட்ட பொய் சொல்லுச்சு?"

அந்தம்மா உள்ளே போகும்வரை காத்திருந்த மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"அது பொய் சொல்லலை மாஸ்டர். அம்மா போனைத் தூக்கினப்ப நான் பாட்டுக்கு நின்னேன். நீங்க ஐபோனைத் தூக்கினீங்களா... படம் நல்லா விழுமேன்னு வயித்தை எக்கிக்கிட்டேன்."