பழைய மரத்து மாங்காய்

இனி ஒரு பூட்டுகூட வாங்க மாட்டேன் என்று மனைவி அன்னமேரியிடம் சத்தியம் செய்திருந்தேன். மீறினால், நான் சேர்த்து வைத்திருக்கும் பழங்காலப் பூட்டுகள் அத்தனையும் மாதா கோயில் சந்தைக்கு விற்பனைக்குப் போய்விடும். மயில் பூட்டு, யானைப் பூட்டு, ரகசியத் துளைப் பூட்டு... என் வாய்க்கு அவள் போட்டிருக்கும் பூட்டைத் தவிர மற்றதெல்லாம் என் அலமாரியில் உண்டு.

ஞாயிறு காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி கூவியது. பழம்பொருள் கடை ஹைக்கல் அனுப்பியிருந்த செய்தியை அன்னமேரி கதவுக்கு வெளியே நின்று சத்தமாகப் படித்தாள்.

"அண்ணே, பழைய மங்கா வந்திருக்கு. ரொம்ப அழகு. சீக்கிரம் வாங்க."

குளித்துக்கொண்டே வியர்த்தேன். மலாய் மொழியில் மங்கா என்றால் தொங்குபூட்டு. நல்லவேளையாக, மாங்காய்க்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

"ஹைக்கல் எப்பலேர்ந்து மாங்கா விக்கிறான்?"

"இப்பதான்லா. வீட்டு மரம் காய்ச்சிருக்காம்."

"பழைய மாங்கான்னு போட்டிருக்கே?"

"பழைய மரத்து மாங்கா!"

"நல்லதாப் போச்சு. ஊறுகா போடணும். அஞ்சு கிலோ வாங்கிட்டு வாங்க."

நம்பிவிட்டாள்! கடைக்குப் பறந்தேன். பித்தளை மீன். செதில் செதிலாகச் செதுக்கியிருந்தார்கள். வாலை நகர்த்தினால்தான் சாவித்துளையே தெரியும். ஹைக்கல் திறந்து காட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மீனை வாங்கிக்கொண்டு மாங்காய் வாங்க அவசரமாகச் சௌரஸ்தா பசாருக்கு ஓடினேன். பையின் அடியில் மீன், மேலே மாங்காய்.

வீட்டில் அன்னமேரி கை நீட்டினாள்.

"குடுங்க, கழுவி நறுக்கறேன்."

"ஐயோ வேணாம்! நீ உக்காரு. நானே நறுக்கறேன்."

"அஞ்சு கிலோவுமா?"

"அஞ்சு கிலோவும்!"

கழுவினேன். நறுக்கினேன். உப்பு, மிளகாய்த்தூள் போட்டுக் கிளறினேன். கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போனது. அவள் சோபாவில் சாய்ந்து சீரியல் பார்த்தாள். நடுவில் மீனை அரிசி டின்னுக்குள் நீந்தவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை.

கடைசி ஜாடியை மூடப்போனபோது அன்னமேரி வந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்புக்கொட்டினாள்.

"உப்பு சரியா இருக்கு. அப்புறம், நீங்க நறுக்கிட்டிருக்கும்போது ஹைக்கல் போன் பண்ணான். மாங்காவோட சாவிய கடையிலயே விட்டுட்டு வந்துட்டீங்களாம்."

என் கண் தானாக அரிசி டின் பக்கம் போனது.

"போய் வாங்கிட்டு வந்துடுங்க. சாவி இல்லாத பூட்டக் கோயில் சந்தையில யாரு வாங்குவா?"