பச்சை நோட்டு

"ஆறுதான் ஆச்சு. இன்னும் நாலு வரணுமே?" என்றார் டைம் கீப்பர்.

இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமலே, "வரும்ங்க" என்றாள்.

"எப்ப வரும்?"

"டைம் சொல்லிட்டு வர, அது என்ன உங்க டிப்போ பஸ்ஸா?"

இருபது வருஷமாக பஸ் வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் எழுதிய கை அவருடையது. இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போனபின் இது மூன்றாவது. எட்டாம் மாதம், மனைவிக்கு ரத்த அழுத்தம் வேறு. சாப்பிட்டபின் இரண்டு மணி நேரத்துக்குள் குழந்தை பத்துமுறை அசைய வேண்டும், குறைந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அவர் முப்பது கேள்வி கேட்டார். முப்பத்தோராவது கேள்விக்கு முன் நர்ஸ் ஒரு பச்சை நோட்டை அவர் கையில் திணித்துவிட்டாள்.

அன்றிலிருந்து மனைவியின் வயிறு பேருந்து நிலையம்தான். '9.14 – உதை. 9.31 – உதை, வேகம் குறைவு. 9.50 – தாமதம், காரணம் தெரியவில்லை.' வாரா வாரம் டாக்டரம்மா அதைப் புரட்டி, "கையெழுத்து ரொம்ப அழகு" என்பார். டைம் கீப்பருக்கு அது போதும்.

குழந்தையை உசுப்பிவிட இரண்டு டம்ளர் பழச்சாறு கொடுத்தார். அவள் மூன்றுமுறை பாத்ரூம் போய்வந்தாள்.

"உள்ள இருக்கும்போது ரெண்டு தடவை உதைச்சிதுங்க."

"நான் பாக்கலையே! கண்ணால பாக்காத வண்டியை ரெஜிஸ்டர்ல ஏத்தக் கூடாதும்மா."

வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அதுவரை அசைந்துகொண்டிருந்தது கப்சிப் என்று அடங்கிவிட்டது.

"நீங்க பக்கத்து ரூமுக்குப் போங்களேன். உதைச்சா கூப்பிடறேன்."

கூப்பிட்டு மூச்சு வாங்க வேண்டாமே என்று டிப்போ விசிலைக் கொடுத்துவிட்டுப் போனார். உதைத்ததும் அவள் விசில் ஊதினாள். ஊதிய வேகத்தில் உள்ளே இருந்தது துள்ளியது. மறுபடி விசில். மறுபடி துள்ளல்.

"நிறுத்து, நிறுத்து! விசிலுக்குத் துள்ளினதைச் சேத்தா எண்ணிக்கையே கெட்டுடும்" என்று ஓடிவந்து, நோட்டில் எழுதியதில் இரண்டை அடித்துவிட்டார். அவள் சிரித்தாள். சிரிப்பில் முகம் சிவந்ததைப் பார்த்துப் பதறி பிபி மெஷினை மாட்டினார். நூற்றைம்பது காட்டியது.

இரண்டு மணி நேரம் முடிந்தது. நோட்டில் ஒன்பது.

"கிளம்பு" என்றார். அவள் தலையணைக்கு அடியிலிருந்த மஞ்சள் நோட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுச் சாமான் பட்டியல் எழுதுகிற நோட்டு என்று அவருக்கு நினைப்பு.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டினார்கள். இயந்திரத்திலிருந்து 'டபடப'வென்று குழந்தையின் இதயத் துடிப்புச் சத்தம் வந்தது. காகிதத்தில் கோடு ஓடியது. காகிதம் கோணலாக வருகிறதே என்று நேராக்கப் போனார். முழங்கை பட்டு வயர் கழன்றது.

சத்தம் நின்றுவிட்டது.

இதற்கு முன் இரண்டுமுறை, இதே மாதிரி அறையில், இதே நிசப்தத்தை அவர் கேட்டிருக்கிறார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் வயரைச் சொருகினாள். 'டபடப' திரும்ப வந்தது. "குழந்தை ஜோரா இருக்கு சார். அம்மாவுக்கு பிபி நூத்தி இருபத்தெட்டு. எழுந்திரிங்க, உங்களுக்குப் பாக்கறேன்... நூத்தி எழுபது!"

"அனாவசியமா வந்துட்டேனாம்மா?"

"சந்தேகம்னா வரத்தான் வேணும். நாளைக்கும் வாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து வாரத்தில் நோட்டு நிரம்பியிருந்தது. வெளியே வந்ததும் பெருமையோடு ரெக்கார்டு கவுண்டரில் அதை நீட்டினார்.

"இதை எங்க வீட்டம்மா ஃபைல்ல பத்திரமா வச்சுடுங்க."

கிளார்க் அட்டையின் நிறத்தைப் பார்த்தார்.

"அதுல இது சேராது சார். அசைவெல்லாம் உங்க வீட்டம்மாவே மஞ்சள் நோட்டுல எழுதிக் காட்டறாங்க, டாக்டர் பாக்கறது அதைத்தான். பச்சை நோட்டு, பதறுற அப்பாக்களுக்குக் குடுக்கறது. கவலைப்படாதீங்க, உங்க பேர்ல தனியா ஒரு ஃபைல் இருக்கு, அதுல வச்சுடறேன்!"